டோக்கன் மெஷினின் பின்பக்கம்

அந்த மெஷினின் முகத்தை ஊரே பார்த்திருக்கும். நான் அதிகம் பார்த்தது அதன் முதுகைத்தான். திருவனந்தபுரத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவு வாசலில், ஆள் உயரத்துக்கு, சாம்பல் நிறத்தில் அது நின்றது. முன்னால் தொடுதிரை, அதன் கீழே டோக்கன் சீட்டு வெளியே வரும் ஒரு பிளவு. பின்னால் ஒரு தகரக் கதவு. அதைத் திறந்தால் சிறிய கம்ப்யூட்டர், பிரிண்டர், பின்னிக் கிடக்கும் வயர்கள், மூலையில் பல்லி முட்டை ஓடுகள். அந்தக் கதவைத் திறந்துபோட்டு, தரையில் சம்மணமிட்டு, மடியில் கீபோர்டை வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருப்பாள். துப்பட்டாவின் நுனி இடுப்பில் செருகியிருக்கும். வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் கழற்றிவைத்த அவளுடைய செருப்புகள்தான். பின்னால் ஆள் இருப்பது தெரியாமல் சிலர் திரையை உள்ளங்கையால் ஓங்கி அறைவார்கள். ஒவ்வோர் அறைக்கும் அவள் தோள் லேசாகத் துணுக்குறும். தலையை மட்டும் நிமிர்த்த மாட்டாள்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. என்னைவிடச் சற்று மூத்தவள் என்பதால் அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவள் பொன்முடி எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலை பறிக்க மலையேறிய குடும்பம். பாலிடெக்னிக் படிக்க நகரத்துக்கு வந்து, அப்படியே ஒரு ஹாஸ்டல் அறையில் தங்கிவிட்டாள். நான் இந்த நகரத்திலேயே, கரமனைக்காரன். இருவரும் மலையாளத்தில் படித்து, மலையாளத்தில் வேலை பார்த்து, எங்களுக்குள் மட்டும் தமிழ் பேசிக்கொண்டவர்கள். சாலை பஜாரில் ஓர் இரும்புச் சாமான் கடை. அதன் மாடியில் எங்கள் கம்பெனி. கடை எங்கள் முதலாளியின் அண்ணனுடையது, மாடி முதலாளியுடையது. நாஞ்சில் நாட்டுக்காரரான முதலாளியையும் சேர்த்தே நாங்கள் நாலு பேர்தான். அரசு அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் கம்ப்யூட்டர், பிரிண்டர், யூபிஎஸ் முதலியவற்றைப் பராமரிப்பது வேலை. வருடாவருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டால்தான் அடுத்த வருடம் சோறு.

டோக்கன் மெஷினில் எங்கள் பொறுப்பு இரும்பும் வயரும் மட்டும்தான். உள்ளே ஓடிய சாஃப்ட்வேரை எழுதியது வெளிமாநிலத்தில் இருந்த வேறொரு கம்பெனி. டெண்டர் எடுத்து, நிறுவி, ரிப்பன் வெட்டும் படத்தில் நின்றுவிட்டுப் போனவர்கள். அதன் பிறகு அவர்கள் எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியாக மட்டுமே இருந்தார்கள். அந்த சாஃப்ட்வேர் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு உறைந்துபோகும். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். என்ன அழுத்தினாலும் அசையாது. சில நாள் ஒரே டோக்கனை இரண்டு முறை அச்சடிக்கும். சில நாள் தானாக மூடிக்கொண்டு விண்டோஸ் திரையைக் காட்டும். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அதில் சீட்டாட்டம் திறந்துவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் யாராவது கூப்பிடுவார்கள், நாங்கள் சாலை பஜாரிலிருந்து பஸ் பிடித்துப் போய் ரீஸ்டார்ட் செய்வோம். திரும்பி வந்து மாடிப்படி ஏறும்போதே மறுபடி போன் அடிக்கும். மின்னஞ்சல் அனுப்பினால், தங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது என்று பதில் வரும். அந்தப் பதிலும் மெஷின் அனுப்புவதுதான் என்று அக்கா சொல்வாள்.

அலைந்து அலைந்து சலித்துப்போய்த்தான் அவள் அந்தச் சின்ன நிரலை எழுதினாள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சாஃப்ட்வேர் உயிரோடு இருக்கிறதா என்று அது அவ்வப்போது எட்டிப் பார்க்கும். பதில் இல்லையென்றால் அதைக் கொன்று மறுபடி எழுப்பும். முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் ஒரே எண்ணில் இரண்டு பேருக்கு டோக்கன் வந்து, டாக்டர் அறை வாசலில் இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். எழுந்து வந்த சாஃப்ட்வேர் கடைசி எண்ணை மறந்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தது. அக்கா கடைசி எண்ணை நினைவில் வைத்துத் திரும்ப ஊட்டும்படி நிரலை மாற்றினாள். பிறகு பிரிண்டரில் பழைய சீட்டுகள் தேங்கின. அதற்கும் ஒன்று எழுதினாள். ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, செத்து எழும் அந்த அரை நிமிடத்தில் விண்டோஸ் தெரியாமல் இருக்க, முழுத்திரைக்கும் ஒரு படம் போட்டாள். இளநீல நிறம், நடுவில் மலையாளத்திலும் தமிழிலும், ‘தயவுசெய்து சற்றுப் பொறுக்கவும்.’ ஜனங்கள் அதைப் பார்த்துப் பொறுத்தார்கள். மெஷின் ஏதோ யோசிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

போன் வருவது நின்றது. முதலாளி எங்களுக்குப் பழம்பொரியும் சாயாவும் வாங்கித் தந்தார். மாதாமாதம் மருத்துவமனைக்குக் கொடுக்கும் அறிக்கையில், டோக்கன் மெஷினுக்கு நேராக ‘புகார் இல்லை’ என்று எழுதினோம். அது பொய் இல்லை. புகார் சொல்ல யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேசை உண்டு. அங்கே உட்கார்ந்திருந்த அம்மாவை எல்லோரும் சேச்சி என்றே கூப்பிட்டோம். ஒரு ஏஜென்சி மூலம் வந்த தினக்கூலி வேலை அவருக்கு. படிக்கத் தெரியாதவர்களுக்கு, கை நடுங்குகிறவர்களுக்கு, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று தெரியாமல் பழைய மருந்துச் சீட்டை நீட்டுகிறவர்களுக்கு அவர்தான் திரையை அழுத்திக் கொடுப்பார். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து வரும் தமிழர்களிடம் தனக்குத் தெரிந்த தமிழில் பேசுவார். மெஷின் சாகும்போதெல்லாம், “ஒண்ணு நில்லுங்கோ, இப்போ வரும்” என்று சொல்லி, எழுந்ததும் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அழுத்துவார். அக்காவின் நிரல் அடைக்காமல் விட்ட ஓட்டைகளை அவர் அடைத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

ஒரு மாதக் கடைசியில் மெஷினுக்குத் தூசி தட்டப் போயிருந்தோம். சேச்சி தன்னுடைய தண்ணீர் பாட்டில், குடை, சின்னத் தலையணை எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். மாற்றலா என்று அக்கா கேட்டாள்.

“மாற்றம் ஒண்ணும் அல்ல மோளே. வேண்டாம்னு சொல்லிட்டாங்க. மெஷின் இப்போ நல்லாயிட்டு நடக்குதல்லோ, அதுக்கு இனி ஆள் வேண்டா.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அதில் குத்தல் எதுவும் இல்லை. “நீதானே நன்னாக்கினது. மிடுக்கி!” என்று கெட்டிக்காரியென மெச்சி, அக்காவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். கிழக்கேகோட்டையில் இறங்கும்போது சொன்னாள். “தம்பி, நாம அத நல்லாக்கலடா. நல்லாருக்க மாதிரி காட்டிருக்கோம். அது செத்துச் செத்து எந்திரிக்கிது. யாருக்கும் தெரியாம சாவுது, அவ்வளவுதான்.”

சேச்சி போன பிறகு அந்த மேசையையும் எடுத்துவிட்டார்கள். மெஷின் தனியாக நின்றது. அக்காவுக்கு வேறு இடங்களில் வேலை இருந்தாலும், ஏதாவது காரணம் சொல்லி அந்தப் பக்கம் போய்வந்தாள். அப்படி ஒரு நாள் போனபோதுதான் அந்தப் பெரியவரைப் பார்த்தோம். மனைவியோடு வந்திருந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம், குலசேகரத்துக்கு உள்ளே ஏதோ ஊர். கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல், காலுக்கு ஒரு துணிப்பையாகச் சுற்றியிருந்தார். எலும்புப் பிரிவு வாசலில் கடைசி பெஞ்சில் இருந்தார்கள். அட்டெண்டர் வந்து, “அஸ்தி, அஸ்தி, இனி ஆருண்டு?” என்று கூவினார். மலையாளத்தில் அஸ்தி என்றால் எலும்பு. தமிழில் அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மாள் சட்டென்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்ன வார்த்தைங்க சொல்லுதான் இவன், காலங்காத்தாலருந்து இதையே சொல்லுதான்” என்று எங்களைப் பார்த்துக் கேட்டாள். தமிழ் முகம் என்று எப்படியோ கண்டுகொண்டிருந்தாள்.

அக்கா அவர்களுடைய டோக்கனை வாங்கிப் பார்த்தாள். எலும்புப் பிரிவு. பழைய சீட்டை வாங்கிப் பார்த்தாள். சிறுநீரகப் பிரிவு. எனக்கு விளங்குவதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. வரிசையில் நின்ற யாரோ ஒரு பையன் அவர்களுக்காகத் திரையை அழுத்தியிருக்கிறான். சிறுநீரகப் பிரிவைத் தேர்ந்த பிறகு மெஷின் செத்திருக்கிறது. இளநீலத் திரை வந்து போயிருக்கிறது. எழுந்த சாஃப்ட்வேர், மலையாள அகரவரிசையில் முதலில் இருந்த பிரிவைத் தானாக எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறது. பையன் கவனிக்காமல் அச்சடித்துக் கொடுத்துவிட்டான். இருவரும் காலையிலிருந்து எலும்பு டாக்டர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சேச்சி இருந்திருந்தால் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அழுத்தியிருப்பார்.

அக்கா ஓடினாள். நானும் ஓடினேன். சிறுநீரகப் பிரிவில் பகல் நேரப் பார்வை முடிந்து அறை பூட்டியிருந்தது. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அந்தப் பிரிவு. வார்டில் டாக்டரைத் தேடினோம். ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவசரப் பிரிவுக்குக் காட்டலாம் என்று அக்கா எவ்வளவோ சொன்னாள். பெரியவர் மறுத்துவிட்டார். “பரவால்ல தாயி, அடுத்த வாரம் வந்துக்கிடுதோம். இப்ப போனாத்தான் பஸ்ஸப் பிடிக்கலாம்.” கோபமே இல்லை அவருக்கு. மெஷின் மேல் கோபப்படலாம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அடுத்த வாரம் வாசலிலேயே நிற்கிறேன், என்னைத் தேடுங்கள் என்று அக்கா சொல்லி அனுப்பினாள்.

அடுத்த வாரம் காலையிலேயே போய் நின்றாள். அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ரெக்கார்ட் பிரிவில் ஒருவரிடம் கெஞ்சி, சீட்டில் கொடுத்திருந்த எண்ணுக்கு அடிக்கச் சொன்னாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. அவர்கள் வேறு மருத்துவமனைக்குப் போயிருக்கலாம். நாகர்கோவில் பக்கம் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கலாம். நன்றாகவே இருக்கலாம். நான் இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். “இருக்கலாம்” என்றாள். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆனால் ஹாஸ்டலில் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவளுடைய அறைத்தோழி என்னிடம் சொன்னாள்.

முதலில் முதலாளியிடம்தான் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். மருத்துவமனையில் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸரிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த மேசைக்கு ஆள் வேண்டும் என்றாள். முதலாளி கெட்டவர் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். “நான் உன்னப் பொய் சொல்லச் சொல்லல்லம்மா. கான்ட்ராக்ட் ரினீவலுக்கு ஒப்பு விழட்டும், பொறவு சொல்லு. நாலு குடும்பமாக்கும் இதுல கஞ்சி குடிக்கு.” அவர் சொன்னதும் நியாயம்தான். அந்த நாலில் என் குடும்பமும் ஒன்று. அக்கா தலையாட்டிவிட்டு வந்தாள். படியிறங்கும்போது, “நீ என்ன சொல்லுத?” என்று கேட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் நீ எப்போது போனாலும் கூட வருகிறேன் என்றேன். அவள் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு பார்த்த சிரிப்பு அது.

அவள் ரினீவலுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு திங்கள்கிழமை, சிறுநீரகப் பிரிவு இல்லாத நாளாகப் பார்த்து, இருவரும் விடிந்ததும் போனோம். எங்கிருந்தோ ஒரு ஸ்டூலும் பெஞ்சும் இழுத்து வந்து மெஷினுக்குப் பக்கத்தில் போட்டாள். யாரும் அவதிப்படக் கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். கையால் எழுதிக் கொடுக்க டோக்கன் சீட்டுகளை முன்பே தயாராக வெட்டி வைத்திருந்தாள். பிறகு தகரக் கதவைத் திறந்து, தன் நிரலை நிறுத்தினாள். இளநீலத் திரையை எடுத்தாள். கதவைப் பூட்டிவிட்டு ஆபீஸருடைய அறைக்குப் போய், “சார், ஒரு பத்து நிமிஷம் கீழ வந்து நிக்க முடியுமா?” என்று கேட்டாள். என்ன தோன்றியதோ, அவர் கையிலிருந்த சாயா கிளாஸோடேயே இறங்கி வந்தார்.

அவர் ஒரு தூணில் சாய்ந்து நின்றார். மெஷின் வழக்கம்போல் ஓடியது. சிலர் டோக்கன் எடுத்துப் போனார்கள். இன்றைக்கென்று ஒழுங்காக ஓடித் தொலைக்குமோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது. பிறகு ஒரு கர்ப்பிணிப் பெண் தன் பிரிவை அழுத்தியதும் வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா அந்தப் பெண்ணை அழைத்து உட்காரவைத்து, கையால் டோக்கன் எழுதிக் கொடுத்தாள். வரிசை எங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பியது. நான் எழுதினேன், அவள் விசாரித்தாள்.

“ரீஸ்டார்ட் செய்யூ” என்றார் ஆபீஸர்.

அக்கா செய்தாள். சிறிது நேரத்தில் மறுபடி வட்டம். மறுபடி செய்தாள். மறுபடி வட்டம். ஆபீஸரின் சாயா ஆறிவிட்டது.

“ரிப்போர்ட்டில் ஒண்ணும் இல்லல்லோ. நிங்ஙள் தன்னே அல்லே எழுதியது?” என்று கேட்டார். எழுதியது நீங்கள்தானே என்கிறார்.

“ஆமா சார். நாங்கதான். இது தினமும் இப்படித்தான். நான் மறைச்சு வச்சிருந்தேன்.”

“இத முன்பே பறயாமாயிருந்நில்லே?” முன்பே சொல்லியிருக்கலாமே என்றார். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது.

“சாஃப்ட்வேர் கம்பெனிக்குச் சொல்லிச் சொல்லிப் பாத்தேன் சார். உங்ககிட்ட வந்து சொல்லல. அது என் தப்பு. ஆனா அங்க ஆள் வேணும் சார். எவ்வளவு நல்ல மெஷின் வந்தாலும் ஆள் வேணும்.” பெரியவரைப் பற்றியும் சொன்னாள். ஆபீஸர் சாயா கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுதிய சீட்டுகளைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். அவரும் ஒரு மனிதர்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

நல்லபடியாக முடிந்தது என்று சொல்லத்தான் ஆசை. சில வாரங்களில் மேசை திரும்ப வந்தது, ஆளும் வந்தார். ஆனால் ஏஜென்சி மாறியிருந்ததால் வந்தது வேறொருவர். சேச்சி சாலை பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்திருந்தார். அக்கா அங்கே போய், திரும்ப விண்ணப்பியுங்கள், நான் ஆபீஸரிடம் பேசுகிறேன் என்றாள். சேச்சி புடவையை மடித்தபடியே தலையசைத்தார். “இங்க நின்னேதான் ஜோலி மோளே, கால் நீரு வைக்கும். ஆனா இங்க வர்றவங்க ஆரும் அழறதில்ல.”

சாஃப்ட்வேர் கம்பெனி அந்த ஒரு முறை உடனே பதில் எழுதியது. அனுமதியில்லாத நிரல் ஒன்று தங்கள் மெஷினில் நிறுவப்பட்டிருந்ததாகவும், கோளாறுகள் அனைத்துக்கும் அதுவே காரணம் என்றும். அவர்கள் ஒப்பந்தம் தொடர்ந்தது. எங்களுடையது போயிற்று. முதலாளி அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லும்படி வைக்கக் கூடாது என்று அவளே எழுதிக் கொடுத்துவிட்டு விலகினாள். ஒரு வருடத்துக்குள் மாடியும் கீழேயிருந்த இரும்புக் கடைக்குக் கிடங்காகிவிட்டது.

நான் இன்னமும் இதே வேலையில்தான் இருக்கிறேன். வேறு கம்பெனி, பெரிய கம்பெனி. பஸ் நிலையம், வரி அலுவலகம், மருத்துவமனை என்று ஊரெல்லாம் ஆளில்லாமல் நிற்கும் மெஷின்களை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றின் உள்ளேயும் ஏதோ ஒரு வட்டம் சுற்றுகிறது; எல்லாவற்றின் பின்னாலும் அக்கா எழுதியதைப் போன்ற ஒன்றை நான் ஒளித்து வைத்திருக்கிறேன். மெஷின் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்கிறது என்று எங்கள் மேனேஜர் வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்கிறார். ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறேன். மாத அறிக்கையில் ஒவ்வொரு மெஷினும் எத்தனை முறை செத்து எழுந்தது என்று எழுதிவிடுகிறேன். இதுவரை யாரும் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் விதுரைக்குப் போனேன். பொன்முடிக்கு ஏறும் பஸ் அந்த ஊரைத் தாண்டித்தான் போகும். அங்கே கடைத்தெருவில் அக்கா ஒரு சேவை மையம் நடத்துகிறாள். ரேஷன் கார்டு, பென்ஷன், சாதிச் சான்றிதழ் என்று லயங்களிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பது வேலை. அவளுக்கு முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும், “வா தம்பி, இளைச்சுட்டியே” என்று சொல்லிவிட்டு எதிரில் இருந்த ஒரு மூதாட்டியிடம் திரும்பினாள். “பாட்டி, கவர்மெண்ட் சைட்டு கெட்டுக் கெடக்கு. எப்ப வரும்னு எனக்கும் தெரியாது. வேலை இருந்தா போயிட்டு வாங்க. இல்லேன்னா இங்கயே இருங்க, வந்த உடனே உங்களத்தான் முதல்ல கூப்பிடுவேன்.” மூதாட்டி இருப்பதாகச் சொன்னாள். பெஞ்சில் ஏற்கெனவே நாலைந்து பேர் இருந்தார்கள். யார் முகத்திலும் எரிச்சல் இல்லை. வெளியே மழை வலுத்தது.

கை பழக்கம் விடுமா? நான் எழுந்து அவளுடைய கம்ப்யூட்டர் பக்கம் போய், நான் வேண்டுமானால் ஏதாவது பண்ணிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாண்டா. கெட்டிருந்தா கெட்டதாவே இருக்கட்டும். நான் இங்க இருக்கேன்ல” என்றாள்.

பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். பக்கத்திலிருந்த மூதாட்டி சுவரில் தலையைச் சாய்த்து உறங்கத் தொடங்கியிருந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு நானும் சாய்ந்தேன். எதையும் சரிசெய்யாமல் நான் ஓரிடத்தில் உட்கார்ந்து வெகுகாலமாகியிருந்தது.